புள்ளத்தாச்சி நடந்தால் என்ன ஆகும்?

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பிரசவ வார்டு வராந்தாவில் நிறைமாதக்காரி ஒருத்தி தெலுங்குப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டி ஆடுகிறாள். பக்கத்தில் ஒரு நர்ஸும் சேர்ந்து ஆடுகிறாள். புருஷன்காரன் பல்லெல்லாம் தெரியச் செல்போனில் பிடித்துக்கொண்டிருக்கிறான். அதற்குக் கீழே ரேவதி கேட்டிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள்தான். “எஸ்தர் சிஸ்டர், உங்க காலத்துல இப்டியெல்லாம் உண்டா?”

உண்டாவது! என் காலத்தில் புள்ளத்தாச்சியைக் கட்டிலை விட்டு இறக்கவே பஞ்சாயத்து வைக்க வேண்டியிருந்தது. ஆட்டமாம் ஆட்டம். இதற்குப் பதிலைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தால் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால்தான் உட்கார்ந்து எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். ரேவதி, பொறுமையாகப் படி.

நான் சித்தூர்க்காரி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, ஞாயிற்றுக்கிழமை சபையில் மறுபடி தமிழ். அப்பாவை நைனா என்போம், அவர் மிஷன் பள்ளியில் வாத்தியார். “நர்ஸா, டீச்சரா?” என்று நைனா கேட்டபோது, அவர் கையிலிருந்த பிரம்பைப் பார்த்து நர்ஸ் என்று சொல்லிவிட்டேன். பயிற்சி முடித்து, சித்தூரில் சில வருஷம் எல்லா வார்டிலும் ஓடி ஆடிவிட்டு, திருப்பதியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். வந்தவள் அங்கேயே தலை நரைத்துத்தான் வெளியே போனேன்.

கர்ப்பிணி எவ்வளவு அசையலாம் என்பதில் வீட்டுக்கு ஒரு சட்டம் இருக்கும், ஒரு வீட்டுச் சட்டம் அடுத்த வீட்டில் செல்லாது. டவுன் வீட்டில் மாடி ஏறாதே, குனியாதே, கையைத் தலைக்கு மேல் தூக்காதே, கொடி சுற்றிக்கொள்ளும் என்பார்கள். கிராமத்தில் குனிந்து வாசல் பெருக்கு, குந்தி உட்கார்ந்து துணி துவை, அப்போதுதான் சுளுவாகப் பிரசவம் ஆகும் என்பார்கள். ஆனால் இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. புள்ளத்தாச்சி சும்மா நடக்கக் கூடாது. குடத்தோடு நடக்கலாம், புல்லுக்கட்டோடு நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வெறுங்கையை வீசிக்கொண்டு தெருவில் நாலு எட்டு வைத்தால் போதும், “வயித்த ஊருக்கே காட்டினு போறா பாரு” என்பார்கள். கண் பட்டுவிடுமாம். குடம் தூக்கினால் மட்டும் கண் படாதா என்று நான் கேட்டுக்கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

புருஷன்மாருக்கும் சட்டம் உண்டு. பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் அவன் மலை ஏறக் கூடாது. மற்ற ஊரில் சரி, திருப்பதியில் இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது? மேலே திருமலையில் ஒரு ஓட்டலில் தோசை போடும் பையன் பெண்டாட்டியோடும் அம்மாவோடும் வந்தான். வேலைக்குப் போகக் கூடாது என்று அம்மா பிடித்து வைத்திருக்கிறாள். முதலாளி வேறு ஆள் பார்த்துவிடுவேன் என்கிறான். எங்கள் பெரிய டாக்டரம்மா அவனைக் கேட்டார்: “தினம் எப்டிப் போற?”

“பஸ்ஸுலதான் மேடம்.”

“அப்போ மலை ஏறறது பஸ்ஸு. நீ உக்காந்துனுதான இருக்க? பஸ்ஸோட பொண்டாட்டி முழுகாம இருந்தா சொல்லு, அப்போ பாத்துக்கலாம்.”

பையனின் அம்மாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் பையன் மேலே போய்விட்டான்.

பெரிய டாக்டரம்மா நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். தமிழை நோயாளிகளிடமிருந்தே கற்றுக்கொண்டதால் அவர் வாயில் எங்கள் பாஷை அச்சாக வரும். ஆள் குள்ளம், குரல் அதைவிடச் சின்னது. யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். மாமியார்களோடு நான் மல்லுக்கு நிற்பேன். டாக்டரம்மா நிற்கமாட்டார். மருமகளை வெளியே அனுப்பிவிட்டு மாமியாரை உட்கார வைத்து முதலில் அந்தம்மாளின் முழங்கால் வலியை விசாரிப்பார். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லவேண்டும். “நடக்கிறாயா?” என்று எந்தப் பெண்ணையும் கேட்கமாட்டார். கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார்கள். “நேத்து எழுந்ததுலேர்ந்து இன்னா பண்ண, ஒண்ணொண்ணா சொல்லு” என்பார். சொல்லச் சொல்ல அவள் எவ்வளவு நின்றாள், எவ்வளவு படுத்தாள், யார் அவளை வேலை வாங்குகிறார்கள், யார் கட்டிப்போடுகிறார்கள் என்று எல்லாம் வெளியே வந்துவிடும். பிறகு தரையில் பாயைப் போட்டு, “உக்காரு, எழுந்திரு பாக்கலாம்” என்பார். எழும்போது கையை எங்கே ஊன்றுகிறாள், மூச்சைப் பிடிக்கிறாளா, முகம் சுளிக்கிறாளா என்று பார்ப்பார். அதற்கப்புறம் அவரே கீழே உட்கார்ந்து, அவள் கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்தி, பள்ளம் விழுந்தால் அது எழும்பும்வரை பேசாமல் காத்திருப்பார். இரண்டு கெண்டைக்காலையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒன்று மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தெரியவேண்டும். என்னையும் தினம் அப்படித் தொட்டுப் பார்க்கச் சொல்வார். “கண்ணு மறந்துபோயிடும் எஸ்தர், கைக்கு ஞாபகம் இருக்கும்” என்பது அவர் பேச்சு.

எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மருந்து. “உங்க தெருவுல உனக்குப் புடிச்ச மனுஷி யாரு? அவ வூடு எம்மாந்தூரம்?” என்பார். “தினம் காலைல அவ வூட்டுக்குப் போ. அவளயும் கூட்டினு தெருக்கோடி வரைக்கும் பேசினே நட. பேச்சு நிக்கக் கூடாது. மூச்சு வாங்கி வாய மூடிட்டன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம், கொறச்சிக்கோ.” எங்கள் பெண்களுக்கு இதைவிட நல்ல மருந்துச்சீட்டு வேறு யார் கொடுப்பார்கள்? வம்பு பேசுவதற்கு டாக்டர் உத்தரவு! அடுத்த தடவை வரும்போது சர்க்கரை, பிரஷர் கணக்கோடு தெருக்கதையும் சேர்ந்து வரும்.

எல்லாரையும் நடக்கச் சொல்பவர் என்று நினைக்கவேண்டாம். ரத்தப்போக்கு இருந்தாலோ, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலோ அவரே படுக்கையில் போட்டு என்னைக் காவல் வைப்பார். நாகலாபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஸ்ரீசிட்டியில் ஒரு பாக்டரியில் வேலை. ஷிப்ட் முழுக்க நிற்கவேண்டும். சாயந்திரம் அவள் கால் இரண்டும் தூண் மாதிரி இருக்கும். நான் வழக்கம்போல நடைப் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். டாக்டரம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினார். “இவளுக்கு நடக்கறது வேணாம். ஸ்டூல் வேணும்” என்று பாக்டரிக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். “ஸ்டூலு குடுத்துட்டாங்க மேடம். எங்க லைன்ல இருக்கறவங்க எல்லாம் எப்படா முழுகாம ஆவோம்னு காத்துக்கினு இருக்காங்க.”

சுமதியின் கதைக்கு வருகிறேன். ரேவதி, உனக்கு முக்கியமாகச் சொல்லவேண்டியது இதுதான்.

பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து எங்கள் வாசலில் நின்றது. பின் சீட்டில் தலையணை, காலடியில் தலையணை, நடுவில் ஒரு பெண்ணைச் சாமி சிலை மாதிரி படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவளுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ரத்தம் இல்லை. மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான்! கூட மாமியார் கன்னியம்மா, மாமனார் நாகப்பன். புருஷன் ஸ்ரீசிட்டியில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறான், வாரம் ஒருமுறை ஊருக்கு வருவான். நான் வண்டிக் கதவைத் திறந்து, “எறங்கும்மா” என்றேன். கன்னியம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“ஸ்டெச்சர் கொண்டாங்க. அவ கால கீழ வைக்கமாட்டா.”

“ஏன், கால் இன்னா ஆச்சு?”

“காலுக்கு ஒண்ணும் ஆவல. வயித்துக்கு ஆவக் கூடாது.”

காரணம் இருந்தது. சுமதிக்கு இதற்கு முன்னால் இரண்டு தடவை கலைந்திருக்கிறது, இரண்டும் மூன்றாம் மாதத்தில். முதல் தடவை, பிள்ளை உண்டானதற்கு நன்றி சொல்ல அலிபிரியிலிருந்து படியேறித் திருமலைக்குப் போயிருக்கிறாள். வந்த கொஞ்ச நாளில் போய்விட்டது. படி ஏறியதால்தான் என்றது ஊர். இரண்டாவது தடவை எங்கேயும் போகவில்லை. அடிபம்பில் தண்ணீர் அடித்தாள். பம்பு அடித்ததால்தான் என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இந்தத் தடவை நாள் தள்ளிப்போன அன்றைக்கே கன்னியம்மா கட்டிலை நடுவீட்டில் போட்டு மருமகளை அதில் ஏற்றிவிட்டாள். சாப்பாடு அங்கே, குளியல் கட்டிலுக்குப் பக்கத்திலேயே. ஊட்டிவிடாத குறை.

டாக்டரம்மா எல்லாம் பார்த்தார். ஸ்கேனில் நஞ்சுக்கொடி மேலே நல்ல இடத்தில் இருந்தது, கர்ப்பப்பை வாய் இறுக்கமாக இருந்தது, குழந்தை வயதுக்குத் தக்க வளர்ந்திருந்தது. படுத்திருக்க ஒரு காரணமும் இல்லை. சர்க்கரைதான் ஏறியிருந்தது. கன்னியம்மாவை உட்கார வைத்து, முழங்காலை விசாரித்து, சின்னக் குரலில் எல்லாவற்றையும் சொன்னார். கன்னியம்மா மரியாதையாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, “டாக்டரம்மாவுக்கு இன்னா, போனா நமக்குத்தான போவும்” என்று சொல்லி, மறுபடி ஸ்ட்ரெச்சரிலேயே ஏற்றிக்கொண்டு போனாள். எனக்கு வந்த கோபத்தில் வேன் டயரைக் குத்தியிருப்பேன்.

அடுத்த தடவை மாதம் முடியுமுன்பே வந்தார்கள். இடது கால் வலிக்கிறதாம். நான்தான் முதலில் தொட்டேன். இரண்டு கெண்டைக்காலையும் சேர்த்துப் பிடித்தேன். வலது கால் பஞ்சு மாதிரி, இடது கால் சுட்டது, கெட்டியாக இருந்தது. பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் அலறுகிறாள். கர்த்தாவே, இது மட்டும் வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினேன். ஸ்கேனில் அதுவேதான் தெரிந்தது. காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. கர்ப்பத்தில் ரத்தம் எப்போதுமே கொஞ்சம் சீக்கிரம் உறையும். அதோடு மாதக்கணக்கில் அசையாமல் படுத்தும் கிடந்தால் கேட்கவேண்டுமா?

அன்றைக்குத்தான் டாக்டரம்மா கன்னியம்மாவிடம் சுற்றி வளைக்காமல் பேசினார். “அந்தக் கட்டி பிச்சிக்கினு நெஞ்சுக்குப் போச்சுன்னா, தாயும் இல்ல, புள்ளயும் இல்ல. பெருசாவாம இருக்க ஊசி போடறேன். ஊசி வேல செய்ய ஆரம்பிச்சதும் அவ எழுந்து நடக்கணும். நடக்கலன்னா இன்னொண்ணு வரும்.” கன்னியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாகப்பன் கதவுக்கு வெளியே துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனுஷர் எப்போதுமே அப்படித்தான் என்று கன்னியம்மா பிறகு சொன்னாள்.

வயிற்றுத் தோலில் தினமும் ஊசி. அதைச் சுமதி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள். மாமியாரும் பயந்து வழிக்கு வந்துவிட்டாள். இனி சுலபம் என்றுதான் நான் நினைத்தேன். நடக்கலாம் என்று டாக்டரம்மா உத்தரவு போட்ட காலையில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். இடது பக்கம் ஒருக்களிக்க வைத்தேன். கையை ஊன்றச் சொல்லி, காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தேன். தலை சுற்றுகிறதா என்று கேட்டு, பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னேன். எல்லாம் செய்தாள். “சரி, எழுந்திரு” என்றதும் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“என்ன விட்டுடுங்க சிஸ்டர். ரெண்டு தபாவும் நடந்துதான் தொலச்சேன். இதையாவது வச்சிக்கினு இருக்கறேன்.”

“படுத்துனே இருந்தா உன் உயிருக்கு ஆபத்துன்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லியா?”

“எனக்கு ஆனா ஆவட்டும். அதுக்கு ஆவக் கூடாது.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டிலில் கட்டிப்போட்டது கன்னியம்மா இல்லை. இந்தப் பெண் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்டிருக்கிறாள். ஊர் சொன்னதை இவள் அப்படியே நம்பியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளையும் தன் காலே மிதித்துக் கொன்றது என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் படுத்திருந்திருக்கிறாள். என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

டாக்டரம்மா ரவுண்ட்ஸில் வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சுமதியின் கட்டிலில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆள் குள்ளம் என்றேனே, கால் தரையில் படவில்லை. “உங்க நெலத்துல இன்னா போடறீங்க?” என்று கேட்டார்.

“வேர்க்கடல மேடம்.”

“போடற வெதை அத்தனையும் மொளைக்குதா?”

“இல்ல. கொஞ்சம் சொத்தையா பூடும்.”

“அது ஏன் மொளைக்கல? நீ வரப்புல நடந்ததாலயா?”

சுமதி கட்டில் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

“மூணாம் மாசத்துல போறதுல பெரும்பாலும் வெதையே சரியா அமைஞ்சிருக்காதும்மா. அது தங்காது. நீ படி ஏறினாலும் போயிருக்கும், பட்டுமெத்தைல படுத்திருந்தாலும் போயிருக்கும். உன்மேல தப்பு இல்ல. இதை உங்கிட்ட யாரும் சொல்லலியா?”

“இல்ல மேடம்” என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். டாக்டரம்மா நிறுத்தச் சொல்லவில்லை. ரவுண்ட்ஸ் அப்படியே நின்றது. அடுத்த கட்டில்காரிகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கன்னியம்மா மட்டும் அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மூளைக்குப் புரிந்தாலும் காலுக்குப் புரியவேண்டுமே. அதற்கு நான் ஒரு வழி செய்தேன். வயிற்றில் வைத்தால் குழந்தையின் இதயத் துடிப்பு வெளியே கேட்கும் சின்ன டாப்ளர் மெஷின் எங்களிடம் இருந்தது. அதைச் சுமதியின் வயிற்றில் வைத்தேன். கடகடவென்று குதிரை ஓடுகிற சத்தம். “கேட்டுக்கினியா? இப்போ ஜன்னல் வரைக்கும் போயிட்டு வா. வந்ததும் மறுபடி வச்சிக் காட்டறேன்.” என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதம் தரையில் பட்டதும் சூடான அடுப்பில் வைத்தது மாதிரி எடுத்தாள். மறுபடி வைத்தாள். ஜன்னல் வரைக்கும் போனோம், வந்தோம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வார்டு முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தது. மெஷினை வைத்தேன். ஒரு கணம் வெறும் கரகரப்பு. கையைக் கொஞ்சம் நகர்த்தினேன். அதே குதிரை.

“கீது!” என்று கத்தினாள் கன்னியம்மா. ஜன்னலோரம் நின்றவள் எப்போது கட்டிலுக்கு வந்தாள் என்று எனக்குத் தெரியாது. “சிஸ்டரம்மா, கீதும்மா! உள்ளதான் கீது!”

அதற்கப்புறம் நடக்கு முன்னால் ஒருதரம், நடந்து முடித்து ஒருதரம் என்று குதிரையைக் கேட்பது எங்கள் வார்டில் வழக்கமாகிவிட்டது. வராந்தா வரை போனாள், பிறகு லேப் வரை போனாள். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் “எனக்கும் வைங்க சிஸ்டர்” என்று வரிசை கட்டினார்கள். டாப்ளர் ஜெல் தீர்ந்துபோய் ஸ்டோரில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது வேறு பிரச்சினை வந்தது. காலும் பயமும் ஒருவாறு சரியாகிவிட்டன. ஆனால் கன்னியம்மா என்னைத் தனியே இழுத்துப்போய், “இங்க சரி. ஊர்ல அவ வெறுங்கையோட நடந்தா நாலு பேரு நாலு வெதமா பேசுவாங்களே. கண்ணு பட்டுடுமே” என்றாள்.

“தெருவுல பால் சென்டர் இருக்குதா?”

“ஊர்க்கோடில கீது. நானே காலைலயும் சாயந்திரமும் பால் ஊத்தப் போவேன்.”

“அவள அனுப்பு. கைல கேன் இருந்தா யாரும் கேக்கமாட்டாங்க. சின்ன கேனா குடு. கொஞ்சமா ஊத்து.”

கன்னியம்மாவின் முகம் மலர்ந்தது. இது அவளுக்குப் புரிகிற பாஷை. ஆனால் அடுத்த மாதம் எங்கள் வேன் அந்தப் பக்கம் பரிசோதனைக்குப் போனபோது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பால் சென்டருக்குப் போகும் ரோட்டில் சுமதி வெறுங்கையை வீசிக்கொண்டு ஜம்மென்று முன்னால் நடந்துகொண்டிருக்கிறாள். பின்னால் கன்னியம்மா, முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டு, பால் கேனைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

“ஏம்மா, கேன அவ கைல குடுக்கறதுதான?”

“புள்ளத்தாச்சி கைல பாரத்தக் குடுப்பாங்களா? நல்லா சொன்னீங்க போங்க.”

அரை லிட்டர் பால் பாரமாம்! சென்டரில் பால் ஊற்ற வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். “மருமவ கைவீசினு போறா, மாமியா தூக்கினு ஓடறா” என்று ஊரே பேசுவதாகச் சுமதி சொன்னாள். பேசட்டும். சர்க்கரை இறங்கியிருந்தது. கால் வீக்கம் வற்றியிருந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு ஒரு நிமிஷம் நிற்கவில்லை, டாக்டரம்மா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நாள் நெருங்கியதும் முன்கூட்டியே திருப்பதிக்கு வரவழைத்தோம். ஊசியை எப்போது நிறுத்துவது, எப்போது வலி வரவைப்பது என்று டாக்டரம்மா எல்லாம் திட்டமிட்டிருந்தார். வலி வந்த பிறகும் சுமதி வராந்தாவில் நடந்தாள். வலி வரும்போது சுவரில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு விடுவாள், வலி போனதும் மறுபடி நடப்பாள். நடப்பது போதும், வந்து படு என்று நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. காலை வெயில் ஏறுவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழுத அழுகையில் எதிர் வார்டில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

குழந்தையைத் துடைத்துச் சுற்றிக் கன்னியம்மாவின் கையில் கொடுத்தேன். வழக்கமாகப் பாட்டிமார் முதலில் மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று ஆரம்பிப்பார்கள். கன்னியம்மா குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சிஸ்டரம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனக்காதீங்க.”

“கேளும்மா.”

“அன்னிக்கு டாக்டரம்மா இவகிட்ட சொன்னாங்களே, வெதை சரியில்லன்னா அது தங்காதுன்னு. எனக்கும் அப்டித்தான் இருக்குமா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவளுடைய மகன் பிறப்பதற்கு முன்னால் ஒன்று உண்டாகி மூன்றாம் மாதத்தில் போயிருக்கிறது. அது கரும்பு வெட்டுச் சமயம். லாரி நிற்கிறது, ஆள் போதவில்லை. நாகப்பன்தான் ஒரு கரும்புக் கட்டைத் தூக்கி அவள் தலையில் வைத்திருக்கிறார். அன்று சாயந்திரம் ரத்தம் கண்டுவிட்டது.

“யாரும் என்ன உக்காருன்னு சொல்லல சிஸ்டரம்மா. அதனாலதான் இவள எழுந்திரிக்க வுடல. அவரு அதப் பத்தி இன்னிய வரைக்கும் வாயத் தொறந்ததில்ல. நானும் கேட்டதில்ல. ஆனா மறு வருசத்துலேர்ந்து எங்க நெலத்துல கரும்பு போடறதில்ல. சுத்தி எல்லாரும் போடறாங்க. அவரு போடமாட்டாரு.”

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. பாரம் தூக்குவது நல்லதில்லை, அன்றைக்கு அவளை உட்கார வைத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். ஆனால் மூன்றாம் மாதத்தில் போனது பெரும்பாலும் கருவே சரியாக அமையாததுதான், அந்தக் கட்டை வைத்ததால் போனது என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார் என்றும் சொன்னேன். கன்னியம்மா குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிறகு வராந்தா பக்கம் திரும்பி அந்த ஆஸ்பத்திரியே அதிரக் கூப்பிட்டாள்.

“யோவ்! இங்க வாய்யா!”

நாகப்பன் பதறிக்கொண்டு ஓடிவந்தார். குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். முகம் வெளுத்திருந்தது.

“எங்கிட்ட சொன்னத இவருகிட்ட சொல்லுங்க சிஸ்டரம்மா. கரும்புக் கட்டப் பத்தி.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் தலை தானாகக் குனிந்தது. நான் சொன்னேன். “நீங்க கட்ட தலைல வச்சதாலதான் அந்தப் புள்ள போச்சுன்னு சொல்ல முடியாதுங்க. பெரும்பாலும் அது தங்கற கரு இல்ல.” அவர் கேட்டார். துண்டு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

“இன்னொரு தபா சொல்லும்மா” என்றார். அந்த மனுஷரின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

“காது நல்லாத்தான் கேக்கும் அவருக்கு” என்றாள் கன்னியம்மா, அழுகையும் சிரிப்புமாக. “பரவால்ல, சொல்லுங்க.”

நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.